அடிவானத்தை அளக்கும் கருவிகள்: கடலோடிகள் மறந்துவிடக் கூடாத ஓர் அளவீடு

2011 ஆம் ஆண்டு ரமழான் மாதத்தில் துபாயின் மார்க்க அறிஞர்கள் ஓர் அறிவித்தலை வெளியிட்டனர். 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீஃபா கட்டடத்தின் 80 ஆவது மாடிக்கு மேல் வசிப்போர் தரையில் இருப்போரைவிட இரண்டு நிமிடங்கள் தாமதித்தும், 150 ஆவது மாடிக்கு மேல் வசிப்போர் மூன்று நிமிடங்கள் தாமதித்தும் நோன்பு துறக்க வேண்டும் என்பதே அந்த அறிவித்தலாகும். ஒரே கட்டடம், ஒரே சூரியன். ஆயினும் மேலே நிற்பவருக்குச் சூரியன் பிந்தி மறைகின்றது. இச்செய்தியை அன்று பலரும் ஒரு வேடிக்கையாகவே வாசித்துக் கடந்து சென்றனர். ஆனால், அந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் கடலோடிகள் பல நூற்றாண்டுகளாகப் போராடி வந்த ஒரு பிரச்சினை அடங்கியுள்ளது. அதனை அடிவான இறக்கம் என்று கூறலாம்.

க.பொ.த. சாதாரண தர வகுப்பில் ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் ஆகியவற்றை நாமனைவரும் கற்றிருக்கின்றோம். கடற்கரையிலே நீர்மட்டத்தோடு கண்ணை வைத்துப் பார்ப்பவருக்குக் கடலும் வானும் சந்திக்கும் கோடு அவரது கண்மட்டத்திலேயே தென்படும். அவர் ஓர் உயரமான இடத்தில் ஏறி நின்றால், பூமி உருண்டையாக இருப்பதன் காரணமாக, அக்கோடு விலகிச் செல்வதோடு அவரது கண்மட்டத்திலிருந்து சற்றுக் கீழேயும் இறங்குகின்றது. கண்மட்டக் கிடைக்கோட்டுக்கும் அடிவானத்தை நோக்கிய பார்வைக் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணமே அடிவான இறக்கமாகும்.

இதனைக் கணிப்பதற்கு எளிய விதியொன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து கண்ணின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.76 ஆல் பெருக்கினால், இறக்கம் கலைகளிற் கிடைக்கும். ஒரு பாகை என்பது 60 கலைகளைக் கொண்டது. 9 மீற்றர் உயரத்தில் நிற்பவருக்கு இறக்கம் 5.3 கலை, 16 மீற்றரில் 7 கலை, 25 மீற்றரில் 8.8 கலை. 500 மீற்றர் உயரத்தில் இது 39 கலைகளைத் தாண்டுகின்றது. வானில் 15 கலை தூரத்தைக் கடப்பதற்குச் சூரியனுக்கு ஒரு நிமிடம் தேவைப்படுகின்றது. ஆகவே, அந்த உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் இரண்டரை நிமிடங்களுக்கு மேல் தாமதித்தே மறையும். துபாய் அறிஞர்களின் கணக்கு சரியானதே என்பது இதிலிருந்து தெளிவாகும்.

ஒரு கலை, ஒரு கடல் மைல்

கட்டடத்தில் வசிப்பவருக்கு இது சில நிமிடங்கள் சம்பந்தப்பட்ட விடயம். கப்பலில் இருப்பவருக்கோ இது தனது இருப்பிடம் சம்பந்தப்பட்ட விடயமாகும். கரை தெரியாத நடுக்கடலிலே மாலுமி தனது இடத்தை அறிந்துகொள்வதற்குச் சூரியனதோ நட்சத்திரமொன்றினதோ உயரத்தை அடிவானத்திலிருந்து கோண அளவில் அளக்கின்றார். அதற்குப் பயன்படும் கருவியே செக்ஸ்டன்ட் எனப்படுவது. அதிலுள்ள இரண்டு ஆடிகளின் உதவியால் சூரியனின் விம்பத்தைக் கீழே இறக்கி அடிவானக் கோட்டைத் தொடச் செய்து, கோணத்தை அளவுகோலிலே வாசிக்கின்றனர். நல்லதொரு செக்ஸ்டன்ட் கலையின் பத்திலொரு பங்கு வரை அளவு காட்டும்.

அவ்வாறு அளந்த உயரத்தில் ஒரு கலை பிழைத்தால், கணித்தறியும் நிலைக்கோடு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீற்றர், விலகிவிடும். அடிவானம் உண்மையான கிடைமட்டத்துக்குக் கீழே இருப்பதால், மாலுமி வாசிக்கும் உயரம் எப்போதும் உள்ளதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எனவே, தனது கண்ணின் உயரத்துக்குரிய இறக்கத்தைக் கடற்பயணப் பஞ்சாங்கத்தின் அட்டவணையிலே பார்த்து அதனைக் கழித்துவிடுகின்றார். 16 மீற்றர் உயரமான மேடையில் நிற்பவர் இதனைக் கழிக்க மறந்தால் ஏழு கடல் மைல் தவறிவிடுவார்.

பண்டைய மாலுமிகள் இதைப்பற்றிக் கவலைப்பட்டதில்லை. அரபு மாலுமிகள் கமால் என்னும் சிறு பலகையைப் பயன்படுத்தினர். முடிச்சுகள் இடப்பட்ட நூலொன்று அதன் நடுவிலே கட்டப்பட்டிருக்கும். நூலைப் பல்லாற் கடித்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்தோடும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்தோடும் பொருத்தி அவர்கள் தமது துறைமுகங்களின் அகலக்கோட்டைக் கண்டுகொண்டனர். சோழமண்டலக் கரையோரத்துத் தமிழ் மாலுமிகளிடமும் இராப்பலகை என்ற பெயரில் இத்தகைய கருவி வழக்கிலிருந்தது. கமாலின் அளவு விரல் கணக்கிலானது. ஒரு விரல் என்பது ஒன்றரைப் பாகைக்கும் அதிகமானது. இவ்வளவு பெரிய அலகினால் அளப்பவருக்கு நான்கைந்து கலை இறக்கம் ஒரு பொருட்டன்று. 1731 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன் ஹட்லி இரட்டை ஆடிக் கருவியை அறிமுகப்படுத்தி, அளவீடு கலைக் கணக்குக்கு நுணுகி வந்த பின்னரே, அடிவானத்தின் சிறு இறக்கம் பெரிய விடயமாகியது. கருவி கூர்மை அடையும்போதுதான் அதுவரை மறைந்திருந்த பிழைகள் வெளிவருகின்றன.

எனினும், இந்த இறக்கத்தை மாலுமிகளுக்கு முன்னரே ஓர் அறிஞர் அளந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. கி.பி. 973 இல் பிறந்த அல்-பிரூனி, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை 652 முழங்கள் எனக் கணித்தார். பின்னர் அதன் உச்சியில் நின்று, கீழே பரந்திருந்த சமவெளியின் அடிவானம் 34 கலைகள் இறங்கியிருப்பதை அளந்தார். இந்த இரண்டு அளவுகளையும் கொண்டு பூமியின் ஆரையைக் கணித்தறிந்தார். கப்பலோட்டிகள் பூமியின் ஆரையை வைத்து இறக்கத்தைக் காண்கின்றனர். அவரோ இறக்கத்தை வைத்துப் பூமியின் ஆரையைக் கண்டார்.

அட்டவணை பொய்க்கும் இடம்

அல்-பிரூனி தமது கணக்கிலே சேர்க்காத ஒன்று உண்டு. அது காற்று செய்யும் ஒளிமுறிவாகும். அடிவானத்திலிருந்து எமது கண்ணை வந்தடையும் ஒளிக்கதிர் நேர்கோட்டில் வருவதில்லை. கடலை ஒட்டிய காற்று அடர்த்தி கூடியதாகவும் மேலேயுள்ளது அடர்த்தி குறைந்ததாகவும் இருப்பதால், கதிர் பூமியின் வளைவோடு சேர்ந்து சற்று வளைந்தே வருகின்றது. சாதாரண நிலையில் இவ்வளைவு பூமியின் வளைவில் ஏறத்தாழ ஆறிலொரு பங்காகும். காற்றே இல்லாதிருந்தால் மேற்கூறிய விதியிலுள்ள 1.76 என்ற எண் 1.93 ஆக இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் முழுவதும் காற்றினால் ஏற்படுவதாகும்.

பஞ்சாங்க அட்டவணை இந்தச் சாதாரண நிலையை எடுகோளாகக் கொண்டே தயாரிக்கப்பட்டுள்ளது. ஆனால், காற்று எப்போதும் சாதாரணமாக இருப்பதில்லை. குளிர்ந்த கடலின் மேல் வெப்பமான காற்று பரவும்போது, கீழே குளிரும் மேலே வெப்பமுமாக நிலைமை தலைகீழாகின்றது. கதிர் கூடுதலாக வளைகின்றது, அடிவானம் மேலெழுந்து தோன்றுகின்றது, இறக்கம் குறைகின்றது. உயரம் ஒவ்வொரு மீற்றர் கூடும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 0.11 பாகை செல்சியஸ் வீதம் உயருமாயின், கதிரின் வளைவு பூமியின் வளைவுக்குச் சமமாகி இறக்கம் இல்லாமலே போய்விடும். மாறாக, வெப்பமான கடலின் மேல் குளிர்காற்று வீசும்போது அடிவானம் வழமையைவிடத் தாழ்ந்து தோன்றும்.

துருவப் பகுதிகளில் இதன் விளைவு பிரமிப்பூட்டுவதாக அமையும். 1597 ஜனவரி 24 ஆம் திகதி, நோவாயா செம்லியா தீவிலே குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த பாரன்ட்ஸின் ஒல்லாந்து மாலுமிகள், துருவ இரவு முடிவதற்கு இரண்டு வாரங்கள் முன்னதாகவே சூரியனைக் கண்டனர். சூரியன் அப்போது உண்மையில் அடிவானத்துக்கு வெகு கீழே இருந்தது. அதனைத் தூக்கிக் காட்டியது காற்றின் ஒளிமுறிவேயாகும்.

வெப்பக் கடல்களிலும் இப்பிரச்சினை உண்டு. செங்கடலும் பாரசீக வளைகுடாவும் இவ்விடயத்தில் மாலுமிகளிடையே பேர்போனவை. பாலைவனத்திலிருந்து வரும் வெப்பக்காற்று அதனிலும் குளிர்ந்த நீரின் மேல் படியும் அமைதியான நாட்களில் அடிவானத்தை நம்ப முடியாது. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 16 மீற்றர் உயரத்தில் நிற்கும் அதிகாரி அட்டவணைப்படி 7 கலைகளைக் கழிக்கின்றார். அன்றைய உண்மையான இறக்கம் 4 கலைகள் மட்டுமே. அவர் கழித்தது 3 கலைகள் அதிகம். அவரது நிலைக்கோடு 3 கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீற்றருக்கு மேல் தவறிவிடும். செக்ஸ்டன்டிலும் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. அடிவானமே பொய் சொல்லிவிட்டது.

இந்தப் பிழை எவ்வளவு பெரிதாகலாம்? கார்னகி என்ற ஆய்வுக் கப்பல் நீண்டகாலமாகப் பெருங்கடல்களில் எடுத்த ஏறத்தாழ 5,000 அளவீடுகளில், அட்டவணைக்கும் உண்மைக்கும் இடையிலான மிகக்கூடிய வித்தியாசம் 2.5 கலைகளாக இருந்தது. ஆகவே, திறந்த பெருங்கடலில் அட்டவணையைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால், 30 கலைகளுக்கும் அதிகமான வித்தியாசங்கள் வேறு இடங்களிலிருந்து பதிவாகியுள்ளன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அளப்பதே வழி

அட்டவணை பொய்க்கும்போது செய்யக்கூடியது இறக்கத்தை நேரடியாக அளந்துவிடுவதேயாகும். கிடைமட்டம் எங்கே இருக்கின்றது என்று ஆடும் கப்பலில் அறிவது எவ்வாறு? இதற்கான விடை எளியது. முன்னே தெரியும் அடிவானம் கிடைமட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கியுள்ளதோ, முதுகுப் பக்கத்து அடிவானமும் அவ்வளவு இறங்கியிருக்கும். ஆகவே, தலைக்கு மேலாக ஓர் அடிவானத்திலிருந்து எதிர் அடிவானம் வரை அளந்தால் 180 பாகை வராது. 180 பாகையும் இறக்கத்தின் இருமடங்கும் வரும். மேலதிகமாக வருவதைப் பாதியாக்கினால் இறக்கம் கிடைத்துவிடும். கிடைமட்டத்தைத் தேட வேண்டிய தேவையே எழுவதில்லை.

இக்கருத்தை முறையாக எடுத்துரைத்தவர்களுள் முக்கியமானவர் பிரித்தானிய விஞ்ஞானி வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் ஆவார். கடலில் இறக்கத்தை அளக்கும் முறை பற்றிய அவரது கட்டுரை 1803 ஆம் ஆண்டு வெளிவந்தது. அவரது கருவியில் ஏறத்தாழச் செங்கோணத்தில் அமைந்த இரண்டு ஆடிகள் எதிரெதிர் அடிவானங்களை ஒரே தொலைகாட்டிக்குள் கொண்டுவந்தன. அதிலுள்ள நுட்பம் யாதெனில், முதலில் தலைக்கு மேலாக அளந்த பின்னர் கருவியைத் தலைகீழாகத் திருப்பிக் காலுக்குக் கீழாகவும் அளப்பதாகும். முதலாவது 180 பாகையைவிட இறக்கத்தின் இருமடங்கு கூடுதலாகவும், இரண்டாவது அதே அளவு குறைவாகவும் இருக்கும். இரண்டுக்குமுள்ள வித்தியாசம் இறக்கத்தின் நான்கு மடங்காகும். அதனை நான்கால் வகுத்தால் விடை கிடைப்பதோடு, கருவியின் சொந்தப் பிழையும் தானாக நீங்கிவிடுகின்றது. ஆர்க்டிக் கடலுக்குச் சென்ற பிரித்தானியப் பயணங்களில் இக்கருவி பயன்படுத்தப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் ஜெனா நகரிலுள்ள சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் புல்பிரிச் இதற்கெனத் தனியான ஒளியியற் கருவியொன்றை வடிவமைத்தார். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜோன் பிளிஷ், செக்ஸ்டன்டிலேயே பொருத்தக்கூடிய அரியமொன்றை உருவாக்கினார். பின்பக்க அடிவானத்திலிருந்து வரும் ஒளியை அந்த அரியம் செக்ஸ்டன்டுக்குள் திருப்பிவிடும். சோவியத் நாட்டின் தேசப்பட விஞ்ஞானி விளாடிமிர் கவ்ராய்ஸ்கியும் இறக்கமானி ஒன்றை அமைத்தார்.

இவ்வகை இறக்கமானிகளின் அடிப்படை ஒன்றே. தொலைகாட்டியின் முன்னால் அமைந்த அரியங்கள் எதிரெதிர்த் திசைகளிலுள்ள அடிவானங்களின் விம்பங்களை ஒரே பார்வைப் புலத்துக்குள் சேர்க்கின்றன. கண் கடல் மட்டத்திலேயே இருக்குமாயின் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிடும். உயரத்தில் இருப்பதால் அவை இறக்கத்தின் இருமடங்கு இடைவெளியோடு பிரிந்து நிற்கும். அளவு பொறிக்கப்பட்ட திருகியைத் திருப்பி அவற்றை ஒன்றுசேர்த்து அளவை வாசிக்க வேண்டும். பின்னர் முன்பக்கம் பின்பக்கமாகக் கருவியை மாற்றிப் பிடித்து மீண்டும் வாசித்துச் சராசரி எடுக்க வேண்டும். கப்பல் ஆடும்போது இரண்டு விம்பங்களும் சேர்ந்தே அசைவதால், இவ்வளவீடு நாம் எண்ணுமளவுக்குக் கடினமானதன்று.

இத்தகைய கருவி இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. எமது நாட்டைச் சூழவுள்ள கடல்களில் நண்பகற் சூரியன் ஆண்டின் பெரும்பகுதியில் உச்சிக்கு அண்மையிலேயே நிற்கின்றது. சூரியன் தெற்கே 80 பாகை உயரத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். தெற்கு அடிவானத்திலிருந்து அளந்தால் 80 பாகை 4 கலை வருகின்றது. உடனே வடக்கு நோக்கித் திரும்பி, சூரியனின் அதே விளிம்பை உச்சிக்கு மேலாக அளந்தால் 100 பாகை 4 கலை வருகின்றது. கூட்டினால் 180 பாகை 8 கலை. மேலதிகமான 8 கலைகளின் பாதியாகிய 4 கலைகளே அன்றைய இறக்கமாகும். செக்ஸ்டன்டின் சுட்டிப் பிழையை முன்னரே நீக்கிக்கொள்ளவும், சூரியன் உச்சமடையும் வேளையில் இரண்டு அளவீடுகளையும் விரைவாக எடுக்கவும் வேண்டும். பெரும்பாலான செக்ஸ்டன்டுகள் 120 பாகை வரையாவது அளக்கக்கூடியவை என்பதால், சூரியனின் உயரம் 60 பாகைக்கு மேற்பட்ட நாட்களில் இதனைச் செய்து பார்க்கலாம். உயர் அகலக்கோடுகளிலே பயணம் செய்வோருக்குக் கிடைக்காத வசதி இது.

இறக்கமானிகளுக்கும் எல்லைகள் உண்டு என்பதை இங்கு குறிப்பிட்டாக வேண்டும். இரண்டு பக்க அடிவானங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் கரையோ மூடுபனியோ இருந்தால் அளக்க முடியாது. இரு பக்கத்து இறக்கங்களும் வேறுபட்டிருந்தால் சராசரியே கிடைக்கும். அடிவானமே வேண்டாமென்று குமிழி மட்டம் பொருத்திய செக்ஸ்டன்டைப் பயன்படுத்துவோரும் உளர். 1922 இல் தென் அத்திலாந்திக்கை விமானத்திற் கடந்த போர்த்துக்கேயரான காகோ கூட்டின்யோ அவ்வாறான செக்ஸ்டன்டையே எடுத்துச் சென்றார். ஆயினும், அலைகளில் உருளும் கப்பலில் குமிழி நிலைகொள்வதில்லை. எனவே, கடலோடிக்கு அடிவானமே துணை. அதன் பிழையை அளக்க இயலாதபோது, எதிரெதிர்த் திசைகளிலுள்ள நான்கு நட்சத்திரங்களை அளந்தால், எல்லா உயரங்களிலும் சமமாகப் புகுந்த பிழை எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நான்கு நிலைக்கோடுகளும் அடைக்கும் சிறு சதுரத்தின் நடுவிலேயே கப்பல் இருக்கும்.

இன்றும் தேவையா?

செய்மதிகள் சில மீற்றர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும் இக்காலத்தில் ஒரு கலைப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. செய்மதிச் சமிக்ஞை கிடைக்கும்வரை கவலைப்படத் தேவையில்லை. ஆனால், அச்சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அதனைக் குழப்புவது எளிது. 2017 ஜூன் மாதத்தில் கருங்கடலின் நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்கு அண்மையில் நின்ற கப்பல்களின் ஜீ.பீ.எஸ். கருவிகள், அக்கப்பல்கள் தரையிலுள்ள விமான நிலையமொன்றில் நிற்பதாகக் காட்டின. 2025 ஜூன் மாதத்தில் ஈரானுக்கும் இஸ்ரேலுக்குமிடையே மோதல் மூண்டபோது ஹோர்முஸ் நீரிணைப் பகுதியிலும் கப்பல்களின் செய்மதி வழிகாட்டல் பெருமளவிற் குழப்பப்பட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உள்ளது. சமிக்ஞைகள் குழப்பப்படும் பாரசீக வளைகுடாவும் செங்கடலும் அடிவானம் பொய் சொல்லும் கடல்களாகவும் இருக்கின்றன. செய்மதி கைவிடும் வேளையில் செக்ஸ்டன்டைக் கையிலெடுக்கும் அதிகாரி, அட்டவணை மிகக் குறைவாக நம்பத்தக்க இடத்திலேயே அதனை எடுக்க நேரிடுகின்றது. கொழும்பிலிருந்து சுயஸ் கால்வாய் நோக்கிச் செல்லும் கடல்வழி இப்பகுதியினூடாகவே செல்கின்றது. எமது நாட்டு இளைஞர்கள் பலர் இக்கடல்களில் ஓடும் கப்பல்களில் பணிபுரிகின்றனர். அவர்களுடைய பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விடயம் என்பதாலேயே நாம் இதனை இவ்வளவு விரிவாகக் கூறினோம்.

1990 களின் இறுதியில் வானியல் வழிகாட்டலைக் கைவிட்ட அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015 இல் அதனை மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது. கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் தொடர்பான சர்வதேச சமவாயம் 2010 இல் மணிலாவில் திருத்தப்பட்டபோதும், வான்பொருட்களைக் கொண்டு இடமறியும் திறன் அதிலிருந்து நீக்கப்படவில்லை. ஆனால், பரீட்சைக்காக அட்டவணையைப் பார்த்துக் கழிக்கக் கற்பது வேறு. அந்த அட்டவணை எப்போது பொய்க்கும் என்பதை அறிந்திருப்பது வேறு. இன்று பெரும்பாலான வர்த்தகக் கப்பல்களில் இறக்கமானி இல்லை. ஆயினும், கடல் நீரினதும் காற்றினதும் வெப்பநிலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கோ, நண்பகலில் இருபுறமும் திரும்பி அளப்பதற்கோ, திசைக்கொன்றாக நான்கு நட்சத்திரங்களைத் தெரிவுசெய்வதற்கோ எவ்விதச் செலவும் இல்லை. எமது கடல்சார் பயிற்சி நிலையங்கள் இவற்றை மாணவர்களுக்கு ஏட்டளவில் அன்றி மேற்றளத்தில் நிறுத்தியே பழக்க வேண்டும்.

அடிவானம் ஒரு நேர்கோடு போலவே தோன்றுகின்றது. அதைவிட நிச்சயமானது உலகில் எதுவுமில்லை என்று கரையில் நிற்பவர் எண்ணுவார். அதனை அளந்து பார்த்த பின்னரே நம்பவேண்டும் என்று கடலோடி அறிவார். எந்தக் கருவியை நம்புகின்றோமோ அதன் பிழை எங்கிருந்து வருகின்றது என்பதையும் அறிந்திருப்பதே பாதுகாப்பானது.